டெலிவரி ஆப் மெனுவுக்கு போனிலேயே சாப்பாட்டுப் படம் எடுப்பது எப்படி: நம்ம கடற்கரை வெயிலுக்கு ஏற்ற செய்முறை

அக்கா வீட்டுக்காரர் ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, ராத்திரி பரோட்டா, இடியாப்பம். டெலிவரி ஆப்பில் கடையைச் சேர்த்தபோது மெனுவில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் படம் கேட்டார்கள், "நீதான் நல்லா போட்டோ எடுப்பியே மாப்ள" என்று என் தலையில் கட்டிவிட்டார். அதுவரை நான் எடுத்ததெல்லாம் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிப் பக்கம் வரும் பூநாரைகளும்தான். நல்ல வெளிச்சம் இருக்கட்டுமே என்று மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடியில் பன்னிரண்டு தட்டுகளைப் பரப்பி வைத்து எடுத்தேன். சோறு காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது, வறுவல் கரிக்கட்டை, ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பக்கத்திலும் கன்னங்கரேலென்று ஒரு நிழல். போதாக்குறைக்குக் கடையின் போன் நம்பரை வேறு படத்தின் மேல் பெரிதாகப் போட்டிருந்தோம். அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. வந்ததும் நியாயம்தான்.

யூடியூபில் இதைச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், விளக்கு வாங்கு, அதன் வெளிச்சத்தை மெத்தென்று ஆக்க முன்னால் மாட்டுகிற சாஃப்ட்பாக்ஸ் வாங்கு என்று. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம்மிடம் இல்லாதது அது ஒன்றுதானா? வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. நமக்கு வேலையே அதைக் குறைப்பதுதான், குறைத்து ஒரே பக்கத்திலிருந்து வரவைப்பதுதான். இது பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் போனே போதும்.

முதலில் இடம் பிடிக்க வேண்டும்

கடையில் நேர் வெயில் உள்ளே விழாத ஒரு ஜன்னலையோ வாசலையோ பாருங்கள். காலையில் மேற்குப் பக்கம், சாயங்காலம் கிழக்குப் பக்கம். வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள், அது அவர்கள் ஊருக்குச் சரி. நம்ம ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் அடிக்கும், அதனால் அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பி மதியம் உட்காராதீர்கள். வேறு வழியில்லை, வெயில் விழுகிற ஜன்னல்தான் என்றால் ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிடுங்கள், வெளிச்சம் மெத்தென்று ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மேகம் மூடிய பகல் கிடைத்தால் விடவே கூடாது, அந்த வேட்டியின் வேலையை மேகமே செய்துவிடும்.

ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதன் மேல் தட்டு. வெளிச்சம் தட்டின் பக்கவாட்டிலோ கொஞ்சம் பின்னாலிருந்தோ வர வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் சாப்பாடு சப்பையாகத் தெரியும், கூடவே உங்கள் நிழலும் தட்டில் விழும். பக்கத்திலிருந்து வந்தால்தான் வறுவலின் மசாலா மொறுமொறுப்பும் குழம்பின் எண்ணெய் மினுமினுப்பும் எழுந்து தெரியும். கடையின் டியூப்லைட், மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், போனில் ஃபிளாஷையும். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வேறொரு நிறம், இரண்டும் கலந்தால் சோற்றில் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் அடிக்கும், அதை அப்புறம் ஆப்பில் சரி செய்வது லேசில்லை. கடை முன்னால் கட்டியிருக்கிற நீலத் தார்ப்பாய்க்கு அடியிலும் எடுக்க வேண்டாம். மீன் செத்து ஒரு வாரம் ஆனது மாதிரி ஆகிவிடும், நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தட்டின் இன்னொரு ஓரம் இருட்டாக இருக்கும். அங்கே வெள்ளையாக எதையாவது நிறுத்தினால் வெளிச்சம் பட்டுத் திரும்பி அந்த இருட்டைக் குறைக்கும். இதற்கென்று கடையில் விற்கிறார்கள், வாங்காதீர்கள். மீன் வருகிற தெர்மோகோல் பெட்டியின் மூடி நம்ம பக்கம் எங்கே பார்த்தாலும் கிடக்கும், ஒன்றை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தால் போதும். வாடை போகாது, ஆனால் படத்தில் வாடை வராது.

லென்ஸைத் துடையுங்கள்

சின்ன விஷயம், ஆனால் பாதிப் பேர் படம் புகை மூட்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம். உப்புக் காற்று ஒரு பக்கம், அடுப்படி எண்ணெய்ப் புகை ஒரு பக்கம், லென்ஸில் ஒரு படலம் உட்கார்ந்துவிடும். கைலி முனையால் வறட்டுத் துடைப்பாகத் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். லேசாக வாயால் ஊதி ஈரமாக்கி, கண்ணாடி துடைக்கிற துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து போனை வெளியே கொண்டுவந்தால் பனி பூத்துவிடும், அது தெளிகிற வரை பத்து நிமிஷம் பொறுங்கள்.

போனில் மாற்ற வேண்டியவை

கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள், தட்டு கோணலாக இருக்கிறதா என்பது தெரியும். வைட் லென்ஸ் வேண்டாம், கிட்டப் போனால் கிண்ணம் முட்டை மாதிரி இழுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் ஒரு எட்டுப் பின்னால் நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், பாத்திரத்தின் வடிவம் ஒழுங்காக நிற்கும். போர்ட்ரெய்ட் மோடும் எனக்குப் பிடிக்காது, கறிவேப்பிலை நுனியையும் தட்டின் விளிம்பையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறது.

முக்கியமானது இதுதான். திரையில் முன்னால் இருக்கிற மீன் துண்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், போக்கஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மெல்லக் கீழே இழுத்தால் (சில போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் படம் வரும், அதை) வெளிச்சம் குறையும். சோறு வெளுக்காமல் பருக்கை பருக்கையாகத் தெரிகிற வரை குறையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக வந்தால் பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது.

தட்டில் வைப்பது

இதில்தான் நேரம் செலவிட வேண்டும், நான் ஒரு தட்டுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன், மச்சான் பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டிருப்பார்.

எவர்சில்வர் தட்டை ஒதுக்கி வையுங்கள், அது கண்ணாடி மாதிரி. முதல் தடவை நான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய், சாம்பாரில் ரத்தம் கலந்தது போல ஒரு நிழல். மண் சட்டி, மங்கலான பீங்கான் தட்டு, பனை ஓலைப் பெட்டி, இவை வெளிச்சத்தைத் தெறிக்கவிடாது. பனை ஓலைப் பெட்டி நம்ம ஊர்ச் சாமான், அதில் வறுத்த நெத்திலியை அள்ளி வைத்தால் அதுவே அழகு. வாழையிலை நல்லதுதான், ஆனால் இடியாப்பத்தையோ வெறும் சோற்றையோ அதன் மேல் அப்படியே வைத்தால் அடியிலிருந்து பச்சை நிறம் ஏறிவிடும். வெள்ளை அயிட்டத்துக்கு வேறு தட்டு, வறுவலுக்கு வாழையிலை.

மீன் குழம்பில் துண்டு முங்கிப்போய் வெறும் சிவப்புக் குளமாகத் தெரியும். சட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் துண்டை வைத்து, சுற்றிக் குழம்பை ஊற்றுங்கள், மீன் பாதி வெளியே தெரியும். ஏமாற்று வேலையா என்று கேட்டால், வாடிக்கையாளருக்குப் போகிற அதே எண்ணிக்கைத் துண்டுகளை வைக்கிற வரை ஏமாற்று இல்லை என்பது என் கட்சி. இரண்டு துண்டு கொடுக்கிற இடத்தில் நாலைக் காட்டினால்தான் தப்பு, பார்சலைப் பிரித்ததும் அவர்களே எண்ணிப் பார்த்துவிடுவார்கள்.

அப்புறம் சிவப்பு. நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் நிறம் குழம்பில் கொஞ்சம் கறுத்த சிவப்பாக இறங்கும். போன் கேமரா அதைப் பிடித்து, ஒரே திட்டாக, துணிச் சாயம் மாதிரி ஆக்கிவிடும். நண்டு வறுவலிலும் இதே கதை. வெளிச்சத்தை இன்னும் ஒரு படி குறைத்து எடுத்தால் மசாலாத் திப்பியும் ஓட்டின் வரியும் தெரியும். பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் சின்ன வெங்காயம் வைத்தால் சிவப்பு தனியாக எடுபடும்.

வறுவல் சட்டியிலிருந்து இறங்கி ஐந்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும், ஆறினால் எண்ணெய் உள்ளே போய் வறண்டுவிடும். அதனால் வேறொரு காலித் தட்டை வைத்து முதலில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில் மீனை வரச் சொல்லுங்கள். ஆவி பறக்கிற படம் வேண்டுமென்றால் பின்னாலிருந்து வெளிச்சமும் பின்னணியில் இருட்டான துணியும் வேண்டும், வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி தெரியாது.

எந்தக் கோணம்

இடியாப்பம், முழுச் சாப்பாடு, தோசை மாதிரி தட்டையாகப் பரவியவற்றுக்கு நேர் மேலிருந்து. குழம்பு, பிரியாணி, வறுவலுக்கு சாப்பிட உட்கார்ந்தவர் பார்ப்பது போல சாய்வாக. அடுக்கின பரோட்டா, உயரக் கண்ணாடி கிளாஸில் நன்னாரி சர்பத் என்றால் தட்டு மட்டத்துக்கே போனை இறக்குங்கள். ஒரு அயிட்டத்துக்குப் பத்துப் படமாவது எடுங்கள். சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள், ஆப் தானாகவே சதுரமாகவோ அகலமாகவோ வெட்டும்போது மீன் வால் போய்விடக் கூடாது.

ஏற்றுவதற்கு முன்

எடிட்டுக்கு ஸ்னாப்சீட் என்கிற ஆப் போதும். கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் கான்ட்ராஸ்ட், சோறு வெள்ளையாக வருகிற மாதிரி ஒயிட் பேலன்ஸ். நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சாச்சுரேஷனைத் தொடாதீர்கள், ஃபில்டர் வேண்டவே வேண்டாம். படத்தின் மேல் எழுத்து, விலை, லோகோ, போன் நம்பர், இரண்டு மூன்று படத்தை ஒட்டியது, இதெல்லாம் திரும்பி வரும். கூகுளில் எடுத்த பிரியாணிப் படத்தைப் போடுவது அதைவிட மோசம், அது வேறு யாரோ எடுத்தது, உங்கள் அரிசியும் அது இல்லை.

பிறகு ஒரு சோதனை. படத்தைக் கேலரியில் சின்னதாக, கட்டை விரல் அளவுக்கு வைத்துக் கை நீட்டிப் பாருங்கள். ஆப்பில் பசியோடு விரலை ஓட்டுகிறவர் அந்த அளவில்தான் பார்ப்பார். கணவாயா இறாலா என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் திரும்ப எடுங்கள். மச்சான் கடைக் கணவாய் ரோஸ்ட் மூன்று தடவை எடுத்தேன், கடைசியில் வளையங்களை மட்டும் மேலே அடுக்கிய பிறகுதான் கணவாய் என்று தெரிந்தது.

ஏற்றுகிற ஆளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து போய்ச் சேரும்.

மீன் அயிட்டங்களை எல்லாம் ஏப்ரல் 15-க்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு கொண்டுவருகிறதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், மற்றதெல்லாம் ஐஸ் மீன். பல நாள் ஐஸில் கிடந்தது வறுக்கும்போதே உதிரும், உதிர்ந்த மீனை நிமிர்த்தி வைத்துப் படம் எடுக்க இதுவரை எனக்கு வழி தெரியவில்லை.