குரோமில் பாஸ், ஃபயர்பாக்ஸில் ஃபெயில்: செலினியம் டெஸ்ட்டை எப்படிச் சரிசெய்வது?

பிரவுசரைத் தானாக இயக்கி இணையப் பக்கத்தைச் சோதிக்கும் கருவி செலினியம். பைத்தானில் அதற்கு டெஸ்ட் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். குரோமில் எல்லாம் பாஸ். அதையே ஃபயர்பாக்ஸில் ஓட்டினால் நாலைந்து விழுகிறது. உடனே "ஃபயர்பாக்ஸாக இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி" என்று இஃப் போடக் கை பரபரக்கும். நானும் போட்டுத் தள்ளியவன்தான்; கொஞ்ச நாளில் என் நிரல் எனக்கே புரியாமல் போனது. பிரவுசரிடம் கேட்கக் கூடாததைக் கேட்பதால்தான் பல டெஸ்ட்டுகள் விழுகின்றன. கேள்வியை மாற்றினால் இஃப் வேண்டியதில்லை.

படி 1: பிரவுசரை ஒரே இடத்தில் திறங்கள்

ஒவ்வொரு டெஸ்ட்டிலும் குரோமைத் திறக்கும் வரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். டெஸ்ட்டுகளை ஓட்டும் பைடெஸ்ட்டின் பொது அமைப்புக் கோப்பான கான்ஃப்டெஸ்ட்டில் டிரைவர் என்று ஒரு ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயார் செய்து தரும் ஃபங்ஷன்) எழுதி, அதன் பாராம்ஸ் பட்டியலில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டையும் கொடுங்கள். அந்த ஃபிக்ஸ்சரைக் கேட்கும் டெஸ்ட் எல்லாம் தானாக இரண்டு தடவை ஓடும். பிரவுசரை டெஸ்ட்டிடம் கொடுக்கும் ஈல்டு வரிக்குப் பிறகு, அதை மூடும் க்விட் கட்டாயம். செலினியம் 4.6 முதல் செலினியம் மேனேஜர் கூடவே வருவதால், பிரவுசரை இயக்கும் டிரைவர் நிரலைத் தேடி இறக்கும் தொல்லை இல்லை.

சஃபாரிக்கு மேக் கணினி வேண்டும். அதிலும் ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான், திரையில் காட்டாமல் ஓட்டும் ஹெட்லெஸ்ஸும் கிடையாது. பழகும்வரை இரண்டு பிரவுசர் போதும்.

படி 2: விழுந்ததைக் கையால் செய்து பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபயர்பாக்ஸைத் திறந்து அதே வேலையை நீங்களே செய்யுங்கள். உங்களுக்கும் நடக்கவில்லையா? அப்படியானால் பிழை இணையப் பக்கத்திலேயே இருக்கிறது. டெஸ்ட்டைத் தொடாமல் பிழையைப் பதிவு செய்யுங்கள். கையால் சரியாக நடந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: கேள்வியை மாற்றுங்கள்

நிறத்தில் தொடங்குவோம். ஒரு பட்டன் பச்சையா என்று சிஎஸ்எஸ் மதிப்பைக் கேட்டால், குரோம் ஆர்ஜிபிஏ(0, 128, 0, 1) என்கிறது. ஃபயர்பாக்ஸ் ஆர்ஜிபி(0, 128, 0) என்கிறது. நிறம் ஒன்றுதான், எழுதும் விதம்தான் வேறு. சரத்தைச் சரத்தோடு ஒப்பிட்டால் விழாமல் என்ன செய்யும்? செலினியத்தின் சப்போர்ட் பகுதியில் கலர் என்றொரு கிளாஸ் உண்டு. வந்ததை அதனிடம் கொடுத்து ஹெக்ஸாக (#008000 போன்ற வடிவம்) மாற்றி ஒப்பிடுங்கள்.

தேதிப் பெட்டி இன்னும் வேடிக்கை. பெட்டியில் எழுத்துகளை உள்ளிடும் சென்ட்கீஸில் 2024-03-15 என்று கொடுத்தால் ஃபயர்பாக்ஸ் ஏற்றுக்கொள்கிறது. குரோமிலோ அது ஒருவர் விசைப்பலகையில் தட்டுவது போலப் போகிறது. கணினியின் மொழி அமைப்பு நாளை முதலில் கேட்கிறதா, மாதத்தையா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அதாவது உங்கள் கணினியில் பாஸ் ஆனது பக்கத்து மேசையில் விழலாம். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வேல்யூவை ஆண்டு-மாதம்-நாள் வடிவில் வைத்து, இன்புட், சேஞ்ச் நிகழ்வுகளை நீங்களே கிளப்பிவிடுங்கள். ரியாக்ட் பக்கமாக இருந்தால் இது மட்டும் போதாமல் போகலாம். பெட்டியின் மதிப்பை மாற்றும் பிரவுசரின் மூல செட்டரைக் கூப்பிட வேண்டிவரும்.

அப்புறம், கட்டாயப் பெட்டியைக் காலியாக விட்டால் பிரவுசர் காட்டும் எச்சரிக்கை. அந்த வாசகம் பிரவுசருக்குச் சொந்தமானது, உங்கள் பக்கத்துடையது அல்ல. குரோம் "ப்ளீஸ்" போட்டுச் சொல்வதை சஃபாரி ப்ளீஸ் இல்லாமல் சொல்லும். வாசகத்தை விட்டுவிட்டு, அந்தப் பெட்டியின் வேலிடிட்டி என்ற பண்பில் வேல்யூமிஸ்ஸிங் (மதிப்பு இல்லை) ட்ரூவா என்று பாருங்கள்.

படி 4: ஸ்லீப்பை எடுங்கள்

ஸ்லீப் என்பது இத்தனை விநாடி சும்மா நில் என்று சொல்லும் வரி. ஒரு பிரவுசரில் இரண்டு விநாடி போதும், மற்றொன்றில் போதாது. வெப்டிரைவர்வெயிட் போட்டு, பட்டன் அழுத்தத் தயாராகும்வரை காத்திருங்கள்.

படி 5: மிஞ்சியதைக் குறித்து வையுங்கள்

இத்தனைக்கும் பிறகு ஒன்றிரண்டு மிஞ்சினால் அது பிரவுசரின் குறையாக இருக்கலாம். டெஸ்ட்டை ஓட்டாமல் தாண்டும் ஸ்கிப் போட்டால் அப்படியே மறந்துபோகும். "இது விழும் என்று தெரியும்" எனச் சொல்லும் எக்ஸ்ஃபெயில் மார்க்கை, பைடெஸ்ட் தரும் ரிக்வெஸ்ட்டின் அப்ளைமார்க்கர் மூலம் அந்தப் பிரவுசருக்கு மட்டும் போடுங்கள். காரணத்தையும் எழுதி, ஸ்ட்ரிக்ட்டை ட்ரூ ஆக்குங்கள். அந்தக் குறை ஒரு நாள் தீர்ந்து டெஸ்ட் பாஸ் ஆனால், பைடெஸ்ட் அதை ஃபெயில் என்று காட்டும். அன்றைக்கு அந்த வரியை அழித்துவிடலாம்.