வீட்டுலயே மாட்சா கோல்ட் ஃபோம்: பதம் தப்பாம வர்றதுக்கு

ஐஸ் போட்ட கிளாஸ் மேல கெட்டியா வழுவழுன்னு பச்சை நுரை ஒரு அடுக்கு நிக்குமே, அதுதான் மாட்சா கோல்ட் ஃபோம், மாட்சான்னா ஜப்பான் பச்சை டீ இலையை நைஸா அரைச்ச பொடி. வீட்டுல செய்ய பெரிய மெஷின் எதுவும் வேணாம், நுரை அடிக்கிறதுக்குன்னு பேட்டரில ஓடுற சின்ன கை ஃப்ராதர் ஒண்ணு போதும். ஆனா நிறைய பேருக்கு சரியா வர மாட்டேங்குது, ஒண்ணு ஊத்தின ரெண்டாவது நிமிஷமே கீழ இறங்கி பாலோட கலந்துடுது, இல்லன்னா கேக் மேல வைக்கிற க்ரீம் மாதிரி கட்டியாகி அப்படியே மிதக்குது. எல்லாத்தையும் ஜில்லுனு வச்சு ஆரம்பிக்கணும், நுரை இன்னும் ஊத்துற பதத்துல இருக்கும்போதே கையை எடுத்துடணும், இது ரெண்டுலதான் விஷயமே இருக்கு.

அளவு சொல்லிடறேன். ஒரு பெரிய கிளாஸுக்கு விப்பிங் க்ரீம் 60 மில்லி, பால் 30 மில்லி, சர்க்கரை சிரப் 1 டேபிள்ஸ்பூன், மாட்சா தலை தட்டி 1 டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய 2 கிராம், அப்புறம் உப்பு ரெண்டு விரல்ல எடுத்தா வர்ற அளவு. உப்பை விட்டுடாதீங்க, மாட்சாவோட கசப்பை அது அழகா அடக்கும். கீழ ஊத்தப்போற ட்ரிங்க்லயும் மாட்சா இருக்குன்னா ஃபோம்ல பாதி டீஸ்பூன் போதும்.

க்ரீம் எதுக்குன்னா, நுரையை நிக்க வைக்கிறதே அதுல இருக்கற கொழுப்புதான். ஜில்லுனு இருக்கும்போது அந்தக் கொழுப்பு பாதி உறைஞ்ச குட்டி குட்டி உருண்டையா இருக்கும், கடையும்போது உள்ள போற காத்துக் குமிழியைச் சுத்தி அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சுவர் கட்டிடும். க்ரீம் வெதுவெதுன்னு ஆயிட்டா கொழுப்பு இளகிடும், சுவரும் நிக்காது, எவ்வளவு நேரம் அடிச்சாலும் நாலு பெரிய குமிழிதான் மிச்சம். அதனால க்ரீமும் பாலும் ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வரணும், 4, 5 டிகிரில இருந்தா ரொம்ப நல்லது, அடிக்கிற டம்ளரையும் பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வச்சு எடுத்துக்கோங்க. கொழுப்பு 35% கிட்ட இருக்கற க்ரீம்தான் சுலபமா வரும். 25% க்ரீம்தான் கைல இருக்குன்னா அதுலயும் செய்யலாம், ஆனா பாலை ஒரு ஸ்பூனா குறைச்சுக்கணும்.

இப்ப மாட்சாவுக்கு வருவோம், பாதிப்பேர் கோட்டை விடறது இங்கதான். சாதாரண டீத்தூள் மாதிரி இதுல சாறு மட்டும் இறங்குறது கிடையாது, முழு இலையையே அரைச்ச பொடி இது. ஜப்பான்ல அறுவடைக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே செடிக்கு மேல நிழல் போட்டு மூடிடுவாங்க, வெயில் குறைஞ்சதும் இலைல பச்சையம் ஏறும், இனிப்பு கலந்த அந்த ருசியைக் கொடுக்கற தியானைனும் கூடுதலா நிக்கும். அப்புறம் பறிச்சு, ஆவில வேகவச்சு, சுருட்டாம காயவச்சு, காம்பும் நரம்பும் எடுத்துட்டு கல் திருகைல அரைப்பாங்க. ஒரு திருகைல ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் கிட்டதான் விழும், அவ்வளவு நைஸ். அவ்வளவு நைஸா இருக்கறதாலயே டப்பாலயே ஒட்டி ஒட்டி உருண்டை பிடிச்சிருக்கும், தண்ணில கரையவும் கரையாது, மிதந்துக்கிட்டுதான் இருக்கும். அதை அப்படியே ஜில் க்ரீம்ல கொட்டினா உருண்டைக்கு வெளிய மட்டும் நனைஞ்சு உள்ள காஞ்ச பொடியாவே நின்னுடும். நான் முதல் தடவை அப்படித்தான் செஞ்சேன், பாக்க நுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா குடிக்கும்போது ஒரு உருண்டை பல்லுல உடைஞ்சு நாக்கு பூரா கசப்பு பொடி அப்பிக்கிச்சு. அன்னைலருந்து சலிக்காம நான் மாட்சாவைத் தொடறதில்ல.

ஸோ, டீ வடிகட்டில போட்டு ஸ்பூனால தேய்ச்சு சலிச்சுடுங்க. அதுமேல 1 டேபிள்ஸ்பூன் சூடு தண்ணி ஊத்துங்க, தளதளன்னு கொதிக்கிற தண்ணி வேணாம், 70ல இருந்து 80 டிகிரி, அதாவது கொதிச்சு இறக்கி வேற டம்ளருக்கு மாத்தி நாலஞ்சு நிமிஷம் ஆற விட்ட தண்ணி, அதுக்கு மேல சூடா இருந்தா கசப்பு தூக்கிடும். சாசென்னு சொல்ற மூங்கில் விஸ்க் இருந்தா அதால அடிங்க, இல்லன்னா ஃப்ராதரே போதும், பெயிண்ட் மாதிரி பளபளன்னு ஒரு பேஸ்ட் வரும். இந்த சூடு பேஸ்ட்டை நேரா க்ரீம்ல ஊத்திடாதீங்க, அவ்வளவு நேரம் ஜில்லுனு வச்சதெல்லாம் வீணாப் போயிடும். முதல்ல அந்த 30 மில்லி பாலையும் சிரப்பையும் உப்பையும் பேஸ்ட்டுல கலந்து, பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சு, அப்புறம் க்ரீமோட சேருங்க.

சர்க்கரையை அப்படியே போடலாமான்னு கேக்கலாம், ஜில் க்ரீம்ல அது கரையாது, நறநறன்னு அடியில தங்கிடும். சர்க்கரையும் தண்ணியும் சரிக்கு சரி கொதிக்க வச்சு ஆறவச்ச சிரப்தான் வசதி. கண்டென்ஸ்டு மில்க் போட்டா இன்னும் நல்லா இருக்கும், இனிப்போட கெட்டித்தன்மையும் சேந்து வர்றதால நுரைல இருந்து தண்ணி வடியறது மெதுவாகுது, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். தேன் ஜில்லுல இறுகிப் போயிடும், அதை சூடு பேஸ்ட்லயே கலந்துடுங்க.

அடிக்கிறது எப்படின்னா, உயரமான ஒடுக்கமான டம்ளர்தான் எடுக்கணும், அகலமான கிண்ணத்துல இவ்வளவு கொஞ்சம் க்ரீமை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஃப்ராதர் தலையை அடிவரைக்கும் விட்டுட்டு அப்புறம்தான் ஸ்விட்ச் போடணும், இல்லன்னா சுவர் எல்லாம் பச்சை. அடியில ஒரு அஞ்சு செகண்ட் சுத்தட்டும், அப்புறம் மெதுவா மேல கொண்டுவந்து மேல்மட்டத்துக்கு கொஞ்சம் கீழ நிறுத்துங்க, காத்து உள்ள போறது இங்கதான். முதல்ல சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழி வரும், பயப்பட வேணாம், கொஞ்ச நேரத்துல அதெல்லாம் உடைஞ்சு சின்னதாகி மேல்பக்கம் மழமழன்னு ஆயிடும். அப்ப காதைக் கொஞ்சம் கொடுங்க, அதுவரைக்கும் கீச்சுனு ஓடின மோட்டார் சத்தம் இறங்கி கனமா மாறும், ஃப்ராதர் சுத்துற இடத்தைச் சுத்தி வளையம் வளையமா கோடு விழ ஆரம்பிக்கும். அந்தக் கோடு தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. மொத்தமா 15ல இருந்து 25 செகண்ட்தான். தூக்கிப் பாத்தா ரிப்பன் மாதிரி வழிஞ்சு விழுந்து, விழுந்த தடம் ரெண்டு மூணு செகண்ட் நின்னுட்டு மெதுவா மறையணும். தோசை மாவு பதத்தைவிட ஒரு துளி இளக்கம்னு வச்சுக்கோங்க.

இன்னும் ஒரு அஞ்சு செகண்ட் அடிச்சா இன்னும் நல்லா வருமேன்னு தோணும், தோணினாலும் அடிக்காதீங்க. முதல்ல கட்டியாகும், அப்புறம் திரி திரியாகும், கடைசில மோர் கடைஞ்ச மாதிரி வெண்ணெய் பிரிய ஆரம்பிச்சுடும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைஞ்ச கதைன்னு சொல்லுவோம், இங்க வெண்ணெய் திரண்டாலே தாழி உடைஞ்ச கதைதான். கட்டியானதோட நின்னுருந்தா தப்பிச்சீங்க, ஜில் பால் ஒரு டேபிள்ஸ்பூன் ஊத்தி ஸ்பூனாலயே மெதுவா கலந்தா பழைய பதத்துக்கு வந்துடும். வெண்ணெயே பிரிஞ்சுட்டா அதை மீட்க வழி கிடையாது, திரும்ப முதல்லருந்துதான்.

ஃப்ராதர் இல்லையா, மூடி டைட்டா இருக்கற பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மட்டும் நிரப்பி ஒரு நிமிஷம் நல்லா குலுக்குங்க, காத்துக்கு உள்ள இடம் வேணும் அதான் முழுசா நிரப்பக்கூடாது. காபி போடற ஃப்ரெஞ்ச் ப்ரெஸ் இருந்தா கம்பியை முப்பது தடவை ஏத்தி இறக்கினா அதைவிட நைஸா வரும். மிக்ஸி மட்டும் வேணாம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வெண்ணெயாக்கிடும்.

க்ரீம் வேணாம்னு நினைக்கிறவங்க கொழுப்பு நீக்கின பால் 100 மில்லி எடுத்து 40 செகண்ட் கிட்ட அடிங்க. அங்க பாலோட புரதம்தான் குமிழியைப் பிடிச்சு வைக்குது, நுரை நிறைய வரும், லேசா இருக்கும், ஆனா சீக்கிரம் உட்காந்துடும், உடனே குடிக்கணும். பால் இல்லாம செய்யணும்னா சோயா பால், இல்லன்னா நல்லா நுரைக்கறதுக்குன்னே வர்ற, பாக்கெட்ல பரிஸ்டான்னு போட்டிருக்கற ஓட்ஸ் பால். பாதாம் பால்ல புரதம் கம்மி, ஏமாத்தத்தான் செய்யும். டின்ல வர்ற தேங்காய் க்ரீமை ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வச்சு மேல திரண்டதை மட்டும் எடுத்து அடிச்சா ருசி பிரமாதம், மாட்சாவுக்கும் தேங்காய்க்கும் அப்படி ஒரு பொருத்தம்.

ஊத்துறதுலயும் ஒரு கவனம் வேணும். கிளாஸ் நிறைய ஐஸ் இருக்கணும், ட்ரிங்க் மேல ரெண்டு விரல் இடம் விட்டிருக்கணும், ஐஸ் மேல வரைக்கும் இருந்தாதான் நுரைக்கு உக்கார ஒரு தளம் கிடைக்கும். ஸ்பூனைக் குப்புறப் பிடிச்சு அது மேல மெதுவா வழிய விடுங்க. கீழ ஜில் தண்ணில ஊறவச்சு எடுக்கற கோல்ட் ப்ரூ காபி, வெறும் பால், இளநீர், அடியில ஸ்ட்ராபெரி மசியல் போட்ட பால், எது வேணா இருக்கலாம். எலுமிச்சை மாதிரி புளிப்பு ஏறின ட்ரிங்க் மேல மட்டும் வேணாம், பால் திரிஞ்சு நுரை பொரி பொரியா பிரியும். காபி மேல போடறவங்க இன்னொண்ணும் பாத்துக்கோங்க, 2 கிராம் மாட்சாலயே 60 மில்லிகிராம் கிட்ட கேஃபின் இருக்கும், காபியோடதும் சேந்தா ராத்திரி தூக்கம் கெடும்.

மாட்சா வாங்கும்போது உசந்த ரகம்னு காட்ட டப்பால செரிமோனியல்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பி காசைக் கொட்ட வேணாம், அந்தப் பேருக்குன்னு சட்டப்படி ஒரு அளவுகோல் கிடையாது, க்ரீமும் இனிப்பும் சேர்ற இடத்துல நடுத்தரமான பொடியே தாராளம். நிறத்தைப் பாருங்க, பளிச்சுனு பச்சையா இருந்தா நல்லது, மஞ்சள் அடிச்சா பழசு. பிரிச்ச டின்னை நல்லா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆனா வெளிய எடுத்ததும் திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லன்னா காத்துல இருக்கற ஈரம் ஜில் பொடில இறங்கி கட்டி பிடிக்கும். அடிச்ச ஃபோம் மிஞ்சினா மூடி ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள் வைக்கலாம், அடுத்த நாள் அஞ்சு செகண்ட் ஃப்ராதர் காட்டினா எழுந்துடும், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும்.

குடிக்கும்போது ஸ்ட்ரா வேணாம், கலக்கவும் வேணாம். கிளாஸைச் சாய்ச்சு வாய் வச்சே குடிங்க, மேல இருக்கற நுரையும் கீழ இருக்கற ஜில் ட்ரிங்க்கும் ஒரே மடக்குல சேந்து வரும்.