வாட்ச் போனோடு சேரவில்லையா? ரீசெட்டில் கை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் புதிதாக மொபைல் சர்வீஸ் கடை போடும் பையன்களுக்குக் கைவேலை நன்றாக வருகிறது. டிஸ்ப்ளே மாற்றுவதிலோ சார்ஜிங் போர்ட் பார்ப்பதிலோ குறை சொல்ல முடியாது. ஆனால் "வாட்ச் கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்று ஒருவர் வந்து நின்றால் போதும், நாங்கள் எல்லாம் இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னென்ன கோளாறு செய்தோமோ அதையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். நஷ்டப்படுவது வாட்ச் கொண்டுவந்தவர். ப்ளூடூத் ஆன் செய்திருக்கிறதா, வாட்சில் சார்ஜ் இருக்கிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரியும்.

ப்ளூடூத் லிஸ்டிலிருந்து நேராக பேர் செய்வது

இயர்பட்ஸ் பழக்கம் இது. இயர்பட்ஸை போன் செட்டிங்ஸில் தேடிப் பேர் செய்தால், அதாவது ஜோடி சேர்த்தால், வேலை முடிந்தது. வாட்ச் அப்படியில்லை, அதற்கென்று உள்ள ஆப் வழியாகத்தான் சேர்க்க வேண்டும். கால் பேசும் வசதியுள்ள பல வாட்ச்களில் இரண்டு இணைப்புகள் உண்டு. அடிக்கணக்கு, தூக்கக் கணக்கு, நோட்டிஃபிகேஷன் எல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத்தில் ஆப்புக்குப் போகும், கால் சத்தம் மட்டும் பழைய வகை ப்ளூடூத்தில் வரும். செட்டிங்ஸில் போய் நேராகச் சேர்த்தால் இரண்டாவது மட்டும் கனெக்ட் ஆகும். கால் வருகிறது, மற்றது ஒன்றும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சேர்த்தவர்கள்தான். எந்த ஆப் என்பதில் சந்தேகம் இருந்தால் பெட்டியிலோ வாட்ச் திரையிலோ இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். ப்ளே ஸ்டோரில் பெயரைத் தட்டித் தேடினால் அதே மாதிரிப் பெயரில் வேறு ஆப் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எடுத்ததும் ரீசெட்

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பாலக்காடு சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், அடுத்த முறை வரும்போது இதயத்துடிப்புக் கணக்கையும் காட்டச் சொல்லியிருக்கிறார். போனில் சாஃப்ட்வேர் அப்டேட் வந்ததிலிருந்து வாட்ச் ஆப்போடு பேசவில்லை. ஆனால் வாட்ச் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சில நாள் கணக்கைத் தன்னிடமே வைத்திருந்து, கனெக்ட் ஆனதும் மொத்தமாக ஆப்பில் இறக்குவது வாட்ச்களின் வழக்கம். பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை, வாட்சை வாங்கினான், செட்டிங்ஸுக்குப் போனான், ரீசெட்டைத் தட்டினான். இறங்காமல் இருந்த கணக்கு முழுக்கப் போய்விட்டது. "ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் கணக்கு காட்டுச்சு, இப்ப எல்லாம் சைபர்னு நிக்குது, அதை எடுத்துத் தர முடியுங்களா?" என்று என்னிடம் கேட்டார். முடியாது. அந்த ஆப்பில் ஒரு பெர்மிஷனைத் திரும்பக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

இதில் இன்னொரு கேடு, ரீசெட் செய்த பிறகும் வாட்ச் சேரவில்லை. அது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை சுலபம். முதல் முறை பேர் செய்யும்போது போனும் வாட்சும் ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. அடுத்த தடவை அதைக் காட்டித்தான் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. வாட்சை மட்டும் ரீசெட் செய்தால் அதனிடம் இருந்தது அழிந்துபோகும், போனிடம் பழையது அப்படியே இருக்கும். பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைப் போட்டுத் திருகுவதுபோல, போன் அதையே காட்டிக்கொண்டிருக்கும், வாட்ச் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கும். போன் லிஸ்டில் பெயர் இருக்கிறதே, பிறகு ஏன் சேரவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

எனவே போன் பக்கத்தை முதலில் அவிழுங்கள். ஆப்பில் அன்பேர் அல்லது ரிமூவ் கொடுங்கள், அப்புறம் போனின் ப்ளூடூத் லிஸ்டில் போய் அதே பெயரில் இரண்டு இருந்தால் இரண்டையும் நீக்குங்கள். ஐபோனில் பல ஆப்கள் தாமாக அதை நீக்குவதில்லை, நாம்தான் செய்ய வேண்டும். போன், வாட்ச் இரண்டையும் அணைத்துப் போடுங்கள். திரும்ப ஆப்பிலிருந்து சேருங்கள். இவ்வளவும் செய்து சேரவில்லை என்றால்தான் ரீசெட், அதுவும் வாட்ச்காரரிடம் கணக்கு போகும் என்று சொல்லிவிட்டு.

வளைகுடாவிலிருந்து வரும் வாட்ச்கள் விஷயத்தில் இந்த அவசரம் இன்னும் மோசம். துபாயிலிருந்து லீவுக்கு வந்த ஒரு சேட்டன், தான் கட்டியிருந்த ஆப்பிள் வாட்சை மச்சானுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மச்சான் கடையில் கொடுக்க, அங்கே வாட்சிலேயே எல்லாவற்றையும் அழித்தார்கள். அழித்தாலும் ஆக்டிவேஷன் லாக் போகாது, பழைய உரிமையாளரின் ஆப்பிள் அக்கவுண்ட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அவர் தன் ஐபோனிலிருந்து அன்பேர் செய்துவிட்டுக் கொடுத்திருந்தால் பேக்கப்பும் தானாக எடுக்கப்பட்டிருக்கும், லாக்கும் நீங்கியிருக்கும். நல்லவேளை, ஆள் தெரிந்தவர். துபாயில் இருந்தபடியே ஐக்ளவுட் தளத்தில் அந்த வாட்சைத் தன் அக்கவுண்ட்டிலிருந்து எடுத்துவிட்டார், இங்கே திறந்தது. சந்தையில் முகம் தெரியாத ஆளிடம் வாங்கியதாக இருந்தால் யாரைப் போய்க் கேட்பது? ஷாவ்மி பேண்டிலும் இதே கதை உண்டு, பழையவரின் ஷாவ்மி அக்கவுண்ட்டோடு கட்டப்பட்டிருந்தால் அங்கே அவிழ்க்காமல் புதியவருக்குச் சேராது. செகண்ட் ஹேண்ட் வாட்ச் வாங்குகிறவர்கள், கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போதே தங்கள் போனில் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பழைய போனைக் கேட்காமல் விடுவது

புதுப் போன் வாங்கியிருப்பார்கள், பழையதை வீட்டில் பையன் கேம் விளையாட வைத்திருப்பான், அதில் ப்ளூடூத் ஆனில் இருக்கும். சாதாரண வாட்ச் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் இருக்கும், கனெக்ட் ஆகிவிட்டால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சிக்னல் விடுவதை நிறுத்திவிடும். புதுப் போனில் மணிக்கணக்கில் தேடினாலும் பெயர் வராது. கடைக்குக் கொண்டுவந்தால் மட்டும் கண்டுபிடிக்கிறது, வீட்டுக்குப் போனால் காணவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பழைய போன் எங்கே என்றுதான்.

லொக்கேஷன் எதற்கு என்று மறுப்பது

வாட்ச் ஆப்புக்கு லொக்கேஷன் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி, ஆனால் காரணம் இருக்கிறது. பக்கத்தில் என்னென்ன ப்ளூடூத் இருக்கின்றன என்பதை வைத்து ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று ஊகிக்க முடியும் என்பதால், ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை ப்ளூடூத் ஸ்கேனுக்கு லொக்கேஷன் பெர்மிஷன் தேவை, லொக்கேஷனும் ஆனில் இருக்க வேண்டும். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல் இதற்கென்று 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி பெர்மிஷன் வந்தது. ஆண்ட்ராய்டு 13-இலிருந்து நோட்டிஃபிகேஷனுக்கும் ஆப் தனியாக அனுமதி கேட்கும். முதல் நாள் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் மறுப்புக் கொடுத்துவிட்டு வாட்சைக் குறை சொல்வதில் பயனில்லை.

எந்த போனுக்கு எந்த வாட்ச்

ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டில் சேராது. சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஐபோனில் சேராது. வாங்கும் முன் பாருங்கள்.

அப்டேட் ஓடும்போது தொடுவது

தொடாதீர்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கனெக்ஷன் கோளாறு என்று நினைப்பது

எல்லையோரத்தில் இருக்கும் நமக்கென்றே உள்ள பிரச்சினை. வீட்டில் தமிழில் மெசேஜ் வரும், வேலை இடத்தில் மலையாளத்தில் வரும், வாட்சில் இரண்டுமே வெறும் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும், ஆங்கிலத்தில் வந்தது மட்டும் ஒழுங்காகத் தெரியும். சில மலிவு வாட்ச்களில் நம் எழுத்துரு கிடையாது, அவ்வளவுதான். கட்டம் வருகிறது என்றாலே மெசேஜ் வந்து சேர்ந்துவிட்டது, கனெக்ஷன் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். இதற்காக அன்பேர், ரீசெட் எதையும் செய்ய வேண்டாம். அப்டேட்டில் எழுத்துரு சேர்த்திருக்கிறார்களா என்று ஆப்பில் பாருங்கள்.

ஆப்பை மேலே தள்ளி மூடுவது

சேர்ந்துவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அறுந்துபோகிறது என்றால் வாட்சை விடுங்கள், போனைப் பாருங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னால் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும் வழக்கம் உண்டு, நாமே மேலே தள்ளி மூடினாலும் அதே கதைதான். வாட்ச் ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட் (தானாகத் தொடங்கும் அனுமதி) கொடுங்கள், பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், அப்புறம் ரீசன்ட்ஸில் (திறந்த ஆப்கள் வரிசையாக நிற்கும் திரை) அதற்குப் பூட்டுப் போடுங்கள், கிளியர் ஆல் அழுத்தினாலும் அது மட்டும் நிற்கும். ஒவ்வொரு போனிலும் இந்தச் செட்டிங் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், செட்டிங்ஸ் மேலே உள்ள தேடலில் பேட்டரி என்று அடித்தால் கிடைத்துவிடும்.