விண்டோஸிலேயே இருக்கிறது தமிழ்99: சேர்ப்பதும் பழகுவதும்

கணினியில் தமிழ் எழுத முன்பெல்லாம் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று எதையாவது இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் 11-இல் அந்த வேலை இல்லை. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தேடிப் போய் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸ் விசையோடு ஆங்கில ஐ (I) விசையைச் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். இடப்பக்கம் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'. 'ஆட் எ லாங்குவேஜ்' பொத்தானை அழுத்தி, பட்டியலில் தமிழ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் கொஞ்சம் நிதானம் தேவை. காட்சி மொழியாகவும் தமிழையே வைக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் இருந்தால் மெனு எல்லாம் தமிழுக்கு மாறிவிடும். வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிட்டு நிறுவுங்கள்.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பட்டியலில் தமிழுக்கு நேராக உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' போய்ப் பாருங்கள். அங்கே தமிழ்99 இல்லாமல் வேறொரு விசைப்பலகை உட்கார்ந்திருந்தால், 'ஆட் எ கீபோர்டு' வழியாகத் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒவ்வொரு முறை மொழி மாற்றும்போதும் எது வந்திருக்கிறதென்று பார்க்க வேண்டியிருக்கும். எரிச்சல்தான் மிஞ்சும்.

இனி விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம்.

சரி, ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டினால் தமிழாக மாறும் முறை இருக்கும்போது இதை ஏன் பழக வேண்டும்? என் வரையில் பதில் ஒன்றுதான். அந்த முறையில் ண, ன, ந மூன்றையும் ஆங்கில எழுத்தாக மனதுக்குள் மாற்றிக்கொண்டே எழுத வேண்டும். தமிழ்99-இல் தமிழ் எழுத்தைத்தான் தட்டுகிறோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு இது. தமிழ்நாடு அரசும் ஏற்றுக்கொண்டது.

அமைப்பு எளிது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. அவற்றுக்கு மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. அதாவது குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில், புள்ளிக்கு மேலே மட்டும் ஐ. கீழ்வரிசையில் ஔ, ஓ, ஒ. வலப்பக்கம் நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கிறதல்லவா? முன்னது புள்ளி, பின்னது ப. முதல் இரண்டு நாள் இந்த நடுவரிசையை மட்டும் தட்டுங்கள். 'படம்', 'கடல்' எல்லாம் அப்புறம் பார்க்கலாம். 'பக்கம்', 'மகிமை', 'தம்பி' போதும். (மகிமையில் வரும் ஐ-க்கு மட்டும் ஒரு வரிசை மேலே போக வேண்டும்.)

உண்மையான சுகம் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். அம்மா எழுத அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. இன எழுத்துகளுக்கும் அப்படியே: ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற. பந்து என்பது ப, ந, த, உ. வணக்கம் என்பது வ, ண, க, க, ம, கடைசியில் மட்டும் புள்ளி.

இந்த உதவி சில இடங்களில் உபத்திரவம் ஆகும். மமதை என்று எழுதப் பாருங்கள், 'ம்மதை' என்று வந்து நிற்கும். முதல் ம-வுக்குப் பின் அ-வை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது: ம, அ, ம, த, ஐ. புதிதாகப் பழகுகிறவர்கள் 'மென்பொருளில் கோளாறு' என்று கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிரந்த எழுத்துகள் ஷிப்டுடன் மேல்வரிசையில் இடமிருந்து வலமாக: ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ. ஷிப்டுடன் புள்ளி விசை ஆய்தம்.

இன்னொரு சின்ன மாற்றமும் செய்துவிடுங்கள். 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியிலேயே 'டைப்பிங்', அதற்குள் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்'. ஒவ்வொரு செயலியின் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். அப்புறம் வேர்டில் தமிழும் எக்செலில் ஆங்கிலமும் தத்தம் இடத்தில் நிற்கும், மாறி மாறிப் போகும்போது ஸ்பேஸைத் தேட வேண்டியதில்லை.

கடவுச்சொல் சரியாக அடித்தும் தவறு என்று கணினி அடம்பிடித்தால் பதறாதீர்கள். தமிழ் விசைப்பலகை விழித்திருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் உள்நுழையும் திரையிலும் வேலை செய்யும்.