மொரீசியஸில் முதல் தடவை ஸ்கூபா டைவ் போகிறவர்களுக்கு

இந்தியாவிலிருந்து வருகிற சொந்தக்காரர்களோ, இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ, யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் டைவுக்கு மீன் பார்க்கப் போகாதீர்கள், தண்ணிக்குள் மூச்சு விடப் பழகப் போங்கள். மீன் எப்படியும் வரும். ஆமை பார்க்கணும், சுறா பார்க்கணும், மூழ்கின கப்பல் பார்க்கணும் என்று பட்டியலோடு இறங்குகிறவர்கள் பரபரவென்று காற்றை இழுத்து முதுகில் மாட்டியிருக்கிற டேங்கைச் சீக்கிரம் காலி பண்ணிவிடுகிறார்கள். நிதானமாக மூச்சு விடுகிறவர் அதே டேங்கை வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவோ நேரம் கீழே இருக்கிறார்.

இடமும் காலமும் முக்கியம். தீவை ஏறக்குறைய முழுவதும் பவளத்திட்டு சுற்றி நிற்கிறது, கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளையாக அலை உடைகிற கோடு தெரியும், இங்கே எல்லோரும் பிரிஸான் என்பது அதைத்தான். அதற்கு உள்ளே இருக்கிற லகூன் ஆழமில்லாதது, அமைதியானது. பெரிய டைவெல்லாம் திட்டில் இருக்கிற இடைவெளி வழியாகப் படகில் வெளியே போய்ச் செய்வது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், கிழக்குக் கரை கொந்தளிக்கும். அந்த மாதங்களில் வந்தால் மேற்கே ஃப்ளிக்-அன்-ஃப்ளாக் பக்கமோ, வடமேற்கே த்ரூ-ஓ-பிஷ் பக்கமோ போங்கள். தண்ணீர் அப்போது 22, 23 டிகிரிக்கு இறங்கும், சென்னைக் கடலில் குளித்துப் பழகின உடம்புக்கு அது நல்ல குளிர், அதனால் தடிமனான வெட்சூட் (உடம்போடு ஒட்டுகிற ரப்பர் உடை) கேட்டு வாங்குங்கள். இங்கத்துக் கோடையில் 28 வரை போகும், ஆனால் அதே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் புயல் காலமும், எச்சரிக்கை வந்தால் திட்டம் அப்படியே நின்றுவிடும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு என் கணக்கில் ஏப்ரல் கடைசியும் மே மாதமும், அப்புறம் புயல் இன்னும் அரிதாக இருக்கிற நவம்பரும்தான் நல்லது.

டைவ் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், முதலில் நீச்சல் குளத்திலோ இடுப்பளவு தண்ணீரிலோ பழக்குவீர்களா, படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். புதியவர் இரண்டு பேருக்கு மேல் ஒருவரே பார்த்துக்கொள்வார் என்றால் எனக்கு மனசு ஒப்பாது. மருத்துவப் படிவம் தராமலே படகில் ஏறச் சொல்கிற இடத்தில் ஏறவே வேண்டாம். படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் பெரும்பாலும் டாக்டர் சான்றிதழ் வேண்டும், அதை ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கிக்கொள்வது சுலபம். டைவ் போயே ஆக வேண்டும் என்பதற்காக எதையும் மறைக்காதீர்கள். சளி, மூக்கடைப்பு இருந்தாலும் அன்றைக்குப் போகக் கூடாது, காதுக்குள் அழுத்தம் சமன் ஆகாது.

நம் ஆட்களுக்கு இன்னொன்று. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற நாட்களில் டைவை வைத்துக்கொள்ளாதீர்கள். வெறும் வயிறும், தண்ணீர் குறைந்த உடம்பும் கடலுக்கடியில் ஆபத்தை அதிகமாக்கும். விரதம் முடிந்து நன்றாகச் சாப்பிட்டு இரண்டு மூன்று நாள் போனபின் போகலாம், கடல் எங்கேயும் ஓடிவிடாது.

மாஸ்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அது உங்கள் அளவு. அடர்த்தியான மீசை வைத்திருக்கிற ஆண்களுக்குத்தான் சிக்கல், மூக்குக்கு அடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்துவிட்டால் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொள்ளும், மீசை போகாது. பெண்கள் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், மாஸ்க் ஓரத்துக்குள் முடி ஒன்றுகூட மாட்டக் கூடாது. தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் வெட்சூட்டுக்கு உள்ளே நன்றாகத் தள்ளி ஜிப் போடுங்கள். வெளியே தொங்குகிற சங்கிலியும் கொலுசும் குழாய்களில் மாட்டும்.

தண்ணீரில் இறங்கியதும் முதலில் காது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதுபோல இரண்டு மடங்கு, அந்த முதல் சில மீட்டரில்தான் காது அதிகமாகப் படுத்தும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், வலி வரும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும். வலித்தபின் ஊதினால் அடைப்பு இறுகிவிடும், பலமாக ஊதினால் செவிப்பறைக்கே ஆபத்து. அடைத்துக்கொண்டால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி செய்து பாருங்கள், பயிற்றுநர் காத்திருப்பார், காத்திருக்கத்தான் அவருக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது மூச்சு. எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதீர்கள், முக்கியமாக மேலே வரும்போது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேற்பரப்புக்கு வருவதற்குள் இரண்டு பங்காக விரியும், வாயை மூடிக்கொண்டு ஏறினால் அது நுரையீரலைக் கிழித்துவிடும். பதற்றம் வந்தால் வெளிவிடும் மூச்சை நீட்டுங்கள். குமிழிகள் சத்தத்தோடு போகிறதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக மறுபடி இழுங்கள், நாலைந்து தடவையில் நெஞ்சு படபடப்பு அடங்கும்.

சைகையில் நம் கை தானாகச் செய்துவிடுகிற ஒன்று உண்டு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் கடலுக்குள் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம், பயிற்றுநர் உங்களை மேலே கூட்டிப் போய்விடுவார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேருங்கள். ஏதோ சரியில்லை என்றால் உள்ளங்கையை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு எது சரியில்லையோ அதைத் தொட்டுக் காட்டுங்கள், காதென்றால் காது.

சரி, இப்போது மீன். அறிமுக டைவில் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, பார்ப்பதற்கு அதுவே தாராளம். பூப்போல விரிந்திருக்கிற உயிரியான கடல் சாமந்தியைப் பார்த்தால் நின்று பாருங்கள். உள்ளே கறுப்பும் வெள்ளைப் பட்டையுமாக, வாயும் வயிற்றுப்பக்கமும் மஞ்சளாக இருக்கிற கோமாளி மீன் இந்தப் பக்கத்துக் கடலுக்கே உரிய இனம். சின்ன மீன்தான், ஆனால் வீட்டுக்கு அருகே வந்தால் உங்கள் மாஸ்க்குக்கு நேரே பாய்ந்து வரும். கூட்டத்தில் பெரியதுதான் பெண், அது செத்துப்போனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். கொஞ்சம் தள்ளிக் ‘கறுக் கறுக்’ என்று சத்தம் கேட்டால் கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்கிறது என்று அர்த்தம். நாம் காலாற நடக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றுக்குள் அரைபட்டு வந்ததுதான். பாறை இடுக்கில் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடும், கோபம் இல்லை, அது மூச்சு விடுகிற விதம் அப்படி. கையை நீட்டாதவரை அதுவும் உங்களைச் சீண்டாது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது அசையாமல் கிடக்கிற கல்மீனுக்குத்தான், இங்கே லாஃப் என்பார்கள். பாசி படிந்த கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது, முதுகு முள்ளில் கடும் விஷம். அதனால்தான் கீழே நிற்கவோ முட்டி போடவோ கூடாது, மிதந்தபடி இருக்க வேண்டும், லகூனில் நடக்கும்போது தடிமனான அடியுள்ள ரப்பர் செருப்பு வேண்டும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பவளத்தைத் தொடாதீர்கள், சங்கு சிப்பி எடுக்காதீர்கள், அது சட்டப்படியும் தப்பு. 2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது இந்த ஊர் ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, கடலில் மிதக்கவிட்டு லகூனைக் காக்கப் பாடுபட்டார்கள். அப்படிக் காப்பாற்றின இடத்தில் ஒரு ஃபோட்டோவுக்காகப் பவளத்தின் மேல் ஏறி நிற்பதை என்னால் பொறுக்க முடியாது.

மூழ்கின கப்பலுக்கு ஆசையிருந்தால் படிப்படியாகப் போங்கள். ஓபன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சி முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர் வரை. த்ரூ-ஓ-பிஷ் அருகே செயற்கைத் திட்டாக 1987-இல் மூழ்கடித்த ஸ்டெல்லா மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலும், ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கின் கதீட்ரல் குகையும் அதற்கு அப்புறம்தான்.

டைவ் முடிந்த அன்று ரம் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஹெலிகாப்டர் சுற்றுலாவையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாளைக் கடைக்கும் கோயிலுக்கும் ஒதுக்கிவிட்டால் வம்பே இல்லை. டைவ் செய்த அன்று இரவோ மறுநாளோ மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி வந்தால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விட்டுவிடாமல் அவசர மருத்துவ உதவிக்கான 114-ஐ அழைத்து டைவ் செய்தேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், எத்தனை மீட்டர், எத்தனை மணிக்கு மேலே வந்தீர்கள் என்பதையும் சேர்த்து.