ஊர்ச்சங்க யாப்பில் கை வைக்குமுன்

ஊர்ச்சங்கமோ பழைய மாணவர் சங்கமோ, "அக்கா, யாப்பை ஒருக்கால் திருத்தித் தாங்கோ" என்று வந்தால் நான் முதலில் யாப்பைக் கேட்பதில்லை. "லெட்டர்ஸ் பேட்டன்ட் எங்கே?" என்றுதான் கேட்பேன்; சங்கத்தைப் பதிந்தபோது அரசு தந்த பத்திரம் அது. அனேகமாக ஏதோ ஒரு முன்னாள் பொருளாளர் வீட்டு பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கும். சங்கம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பதிந்ததா, மத்திய அரசிடம் பதிந்ததா என்பது அந்தத் தாளில்தான் தெரியும். மத்திய அரசுப் பதிவு என்றால் வேறு சட்டம்; நான் சொல்லப்போவது அதற்குப் பொருந்தாது.

ஒன்ராறியோச் சங்கங்களுக்கு 'ஒன்கா' (ONCA) என்ற இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சட்டம் 2021 ஒக்டோபர் 19இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் தங்கள் விதிகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளத் தந்த மூன்று வருடம் 2024 ஒக்டோபர் 18உடன் முடிந்தது. தவறவிட்டீர்கள் என்பதற்காகச் சங்கம் கலைந்துவிடாது. சட்டத்துக்கு முரணான விதிகள் யாப்பில் இருந்தாலும் செல்லாது, அவ்வளவுதான். அவற்றை நம்பிக் கூட்டம் வைத்தால் வழக்கு வரும்.

தமிழ் யாப்பையும் ஆங்கில பைலோவையும் (ஆங்கிலத்தில் எழுதிய சங்க விதிகள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவோடு வாசியுங்கள். அண்மையில் ஒரு சங்கத்தில், பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்னறிவித்தல் என்று தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் 7 நாள். சட்டம் கேட்பது 10 முதல் 50 நாள். செயலாளர் பல வருடமாக 7 நாளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்து, நிர்வாகசபை உறுப்பினரை நீக்க மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும் என்ற விதியைத் தேடுங்கள். இப்போது சாதாரண பெரும்பான்மை போதும். அதைவிடக் கூடுதலாக உங்கள் விதி கேட்க முடியாது.

பிறகு பிரதிநிதி வாக்கு, அதுதான் புரொக்சி: வராத உறுப்பினருக்காக அவர் எழுதிக்கொடுத்த இன்னொருவர் வாக்களிப்பது. சண்டை வருகிற இடம் இது. பழைய சட்டத்தில் அது உறுப்பினரின் உரிமை. புதியதில் பைலோ அனுமதித்தால்தான் உண்டு. தேர்தலன்று ஒருவர் முப்பது கையெழுத்தோடு வந்து நின்றதைப் பார்த்தவள் நான், வேண்டாம் என்பேன். ஆனால் தீர்மானிக்க வேண்டியது பொதுச்சபை. எதைத் தீர்மானித்தாலும் தெளிவாக எழுதுங்கள். நிர்வாகசபைக் கூட்டத்தில் மட்டும் புரொக்சிக்கு இடமே இல்லை.

ஆயுட்கால உறுப்பினர், சாதாரண உறுப்பினர், போஷகர் என்று வகை பிரித்திருந்தால், யாருக்கு வாக்கு உண்டு என்பதோடு அது ஆர்ட்டிகிள்ஸில், அதாவது அரசிடம் பதிந்த அமைப்புப் பத்திரத்தில், வரவேண்டும். போஷகர் வெறும் மரியாதைப் பட்டமென்றால் அவரை உறுப்பினர் வகையாகவே எழுதாதீர்கள். அரைவாசித் தலையிடி குறையும்.

ஆர்ட்டிகிள்ஸ் திருத்தத்துக்குப் பொதுக்கூட்டத்தில் அளிக்கப்படும் வாக்குகளில் மூன்றில் இரண்டு வேண்டும். அதை அரசின் இணையப் பதிவேடான ஒன்ராறியோ பிசினஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிய 'கொம்பனி கீ' என்ற இரகசிய எண் தேவை. கூட்டத்துக்கு முன்னரே எடுத்துவையுங்கள். பைலோவை நிர்வாகசபை மாற்றலாம், ஆனால் அடுத்த பொதுக்கூட்டம் அதை ஏற்கவேண்டும். அறக்கட்டளைப் பதிவு இருந்தால் வருமான வரிக்காரருக்கும் பிரதி அனுப்புங்கள்.

நிர்வாகசபைக்குத் தெரிவானவர்கள் பதவியை ஏற்க 10 நாளுக்குள் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். நான் படிவங்களை வடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன். கையெழுத்துப் போட்டவருக்குத்தான் தேத்தண்ணி.