குலுக்கல் நின்றபிறகு செய்யும் தவறுகள்: ஜப்பானில் படிக்க வருபவர்களுக்கு

ஏப்ரலிலும் அக்டோபரிலும் நாங்கள் இருக்கும் செண்டாய் நகருக்குப் புது மாணவர்கள் வந்து சேருவார்கள். அவர்கள் பெட்டி பிரித்து முடிப்பதற்குள் ஒரு நிலநடுக்கமாவது வந்துவிடும். அன்றிரவு எங்கள் தமிழ் மாணவர் குழுவில் வரும் செய்திகளைப் படித்தால், நாங்கள் வந்த புதிதில் செய்தவை எல்லாம் வரிசை மாறாமல் திரும்ப நடப்பது தெரியும். மேசைக்கு அடியில் போவது, தலையை மூடிக்கொள்வது, லிஃப்டில் ஏறாமல் இருப்பது எல்லாம் ஓரியன்டேஷனிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் நிலநடுக்க வண்டியில் ஏற்றி ஆட்டியும் காட்டுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## முதல் குலுக்கலோடு முடிந்தது என்று நினைப்பது

2022 மார்ச் 16, இரவு 11:34. புகுஷிமா கடலுக்கு அடியில் மேக்னிட்யூட் 6.1. எங்கள் விடுதியில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஒரு தம்பி, சொல்லிக்கொடுத்தபடியே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். குலுக்கல் நின்றது. வெளியே வந்தான், புத்தக அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு வீட்டுக்குச் செய்தி தட்ட ஆரம்பித்தான். 11:36-க்கு அடுத்தது வந்தது. மேக்னிட்யூட் 7.4. மியாகியிலும் புகுஷிமாவிலும் சில ஊர்கள் மிக மோசமாக ஆடின. ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒன்று தடம்புரண்டது அந்த இரவில்தான்.

நான் போய்ப் பார்த்தபோது இரும்பு அலமாரி கட்டிலுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. கட்டில் தாங்கியதால் அவன் நசுங்கவில்லை, தோளில் மட்டும் கிழிந்திருந்தது. கையில் போன் அப்படியே இருந்தது, திரையில் பாதி தட்டிய செய்தி. "முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன்ணா" என்றான். அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. அவர்கள்மேல் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லாமல் மேசையோடு பாடத்தை முடித்துவிடுகிறார்களே என்றுதான்.

பெரியது முதலில் வரும், பிறகு வருவதெல்லாம் சின்னச் சின்னப் பின்னதிர்வு என்பதுதான் நம் எல்லோர் மனதிலும் இருக்கும் கணக்கு. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இப்போது வந்ததுதான் பெரியதா என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது, நிலநடுக்க ஆய்வாளர்களாலும் முடியாது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் மாலை 4:06-க்கு ஒரு பலமான குலுக்கல் வந்தது, நான்கே நிமிடத்தில் மேக்னிட்யூட் 7.6 வந்தது. 2011 மார்ச் 9 அன்று தோஹோகு கடலில் 7.3 வந்தபோது பலர் அதோடு போயிற்று என்று நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து 9.0 வந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை குமமோட்டோ. 2016 ஏப்ரல் 14 இரவு 9:26-க்கு 6.5 அளவில் வந்த முதல் நிலநடுக்கத்திலேயே மஷிகி என்ற ஊரில் நிலம் ஆடுவதை அளக்கும் ஜப்பானிய அளவுகோலின் உச்சமான ஷிந்தோ 7 பதிவானது. மக்கள் வெளியே ஓடிவந்து இரவைத் திறந்தவெளியில் கழித்தார்கள். மறுநாள் பகலில் உடைந்ததைப் பெருக்கினார்கள், அப்புறம் பலர் வீட்டுக்குள் படுக்கப் போனார்கள். 16-ஆம் தேதி அதிகாலை 1:25-க்கு 7.3 வந்தது. அதே மஷிகியில் மறுபடியும் ஷிந்தோ 7, இரண்டுக்கும் நடுவில் 28 மணி நேரம். முதல் அடியைத் தாங்கி நின்ற வீடுகள் இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டன. இடிபாட்டில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில்தான் இறந்தார்கள். மினாமி-அசோ கிராமத்தில் மாணவர்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்புகளும் அந்த அதிகாலையில் சரிந்தன. தூங்கிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள்.

இதற்குப் பிறகுதான் ஜப்பான் வானிலை முகமை அறிவிக்கும் முறையையே மாற்றிக்கொண்டது. "பின்னதிர்வு வரலாம்" என்றால் இனி வருவது சின்னதுதான் என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், ஒரு வாரத்துக்கு இதே அளவு குலுக்கல் மறுபடி வரலாம், அதிலும் முதல் இரண்டு மூன்று நாட்கள் கவனம் என்று இப்போது சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் அந்த வரி வந்தால் அதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள்.

ஆகவே முதல் குலுக்கல் நின்றதும் அலமாரி, ஃப்ரிட்ஜ், கண்ணாடி இல்லாத இடத்துக்கு நகருங்கள். கதவைத் திறந்து ஏதாவது கொடுத்து நிறுத்துங்கள், நிலை கோணிக்கொண்டால் பிறகு திறக்காது. வீட்டுக்குச் செய்தி அதற்குப் பிறகு. கட்டடத்தின் சுவரில் குறுக்காக விரிசல் ஓடினாலோ, படிக்கட்டு சுவரைவிட்டு விலகியிருந்தாலோ அன்றிரவு அங்கே படுக்காதீர்கள். சில நாளில் பரிசோதகர்கள் வந்து வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தாள் ஒட்டுவார்கள். சிவப்பு ஒட்டிய வீட்டுக்குள் ஐந்து நிமிடம்கூடப் போகக் கூடாது.

பாஸ்போர்ட்டை எடுக்கத் திரும்பப் போகிறவர்களிடம்தான் எனக்குப் பொறுமையே போகிறது. பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் மறுபடி வாங்கலாம். குடியிருப்பு அட்டை தொலைந்தால் குடிவரவு அலுவலகத்தில் 14 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். மடிக்கணினியில் ஆய்வேடு இருக்கிறது என்றால் அதன் நகலை இன்றைக்கே கிளவுடில் ஏற்றுங்கள். இவ்வளவும் ஒரு பையில் வாசல் பக்கத்தில் இருந்தால் திரும்பப் போகும் பேச்சே வராது.

வீடு பார்க்கும்போதே கட்டிய வருடத்தைக் கேளுங்கள். 1981 ஜூனில் கட்டட விதி கடுமையானது, 2000-இல் மரவீடுகளுக்கு இன்னும் கடுமையானது. மஷிகி நகர மையத்தில் மரவீடுகளைக் கணக்கெடுத்தபோது, 1981-க்கு முந்தையவற்றில் 28.2 சதவீதம் இடிந்து விழுந்திருந்தன, 2000-க்குப் பிந்தையவற்றில் 2.2 சதவீதம்தான். மாத வாடகையில் சில ஆயிரம் யென் மிச்சம் பிடிக்கப் பழைய மரவீட்டுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

## போன் அலறியதும் வெளியே ஓடுவது

வேகமாக வரும் முதன்மை அலையைப் பிடித்துத்தான் போனில் நிலநடுக்க எச்சரிக்கை அடிக்கிறது. பலமாக ஆட்டும் அலை வந்துசேர நடுவில் சில நொடிதான் இருக்கும். மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது. அதற்குள் மூன்று மாடி இறங்க முடியாது, ஆடும் படிக்கட்டில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஊரிலிருந்து அம்மாவும் மாமாவும் "வெளியே ஓடிடு" என்றுதான் சொல்வார்கள், அன்பில் சொல்வது. ஆனால் இங்கே வெளியில்தான் கூரை ஓடுகளும் கண்ணாடியும் விழும். 2018 ஜூன் 18 ஒசாகா நிலநடுக்கத்தில் பள்ளிக்கு நடந்துபோன ஒன்பது வயதுச் சிறுமி பள்ளியின் கான்கிரீட் மதில் விழுந்து இறந்தாள்.

## மேக்னிட்யூட்டை மட்டும் பார்ப்பது

மேக்னிட்யூட் என்பது நிலத்தடியில் வெளிப்பட்ட ஆற்றல். நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்வது ஷிந்தோ. 0-இல் தொடங்கி 7 வரை, 5-உம் 6-உம் மென்மை, வலிமை என்று இரண்டிரண்டாகப் பிரிவதால் மொத்தம் பத்துப் படிகள். 2011-இல் ஒரே 9.0-க்கு மியாகியின் குரிஹாராவில் ஷிந்தோ 7, டோக்கியோவில் 5 வலிமை. வீட்டில் செய்தி பார்த்துப் பதறினால் உங்கள் ஊர் ஷிந்தோவைச் சொல்லுங்கள்.

## ஃப்ரிட்ஜ் மேல் மைக்ரோவேவ்

இறக்கிவையுங்கள். இடமில்லையென்றால் அடியில் அதிர்வு தாங்கும் ஜெல் ஒட்டுங்கள், நூறு யென் கடையில் கிடைக்கிறது.

## படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பு இல்லாதது

இருட்டு, தரையெல்லாம் கண்ணாடி.

## முகாமுக்குப் போகத் தயங்குவது

நாம் வெளிநாட்டவர், உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள இடம், உணவு நமக்கு எதற்கு என்று குளிரில் பூங்காவில் நிற்கிறார்கள். ஹினான்ஜோ என்ற இந்தப் பேரிடர் முகாம் எல்லோருக்கும் உரியது, எந்த நாட்டவர் என்று கேட்டு அனுப்புவதில்லை. பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்தான். முகவரி பதியப் போகும்போது வார்டு அலுவலகத்தில் தரும் வரைபடத்தில் குறித்திருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் தங்களுக்கென்று தண்ணீர் ஊற்றினாலே சோறாகிவிடும் வெறும் அல்ஃபா அரிசிப் பொட்டலம் வைத்துக்கொள்வது நல்லது. முகாமில் வரும் சூப்பிலும் கஞ்சியிலும் மீன்சாறு இருக்க வாய்ப்பு அதிகம். அல்ஃபா அரிசிக்குக் கொதிநீர் என்றால் கால் மணி, பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம்.

## ஒவ்வொருவருக்காகப் போன் செய்வது

குடும்பக் குழுவில் ஒரே செய்தி போதும், பேட்டரி மிஞ்சும். ஜப்பானுக்குள் இருப்பவர்களுக்கு 171 என்ற பேரிடர்ச் செய்தி எண்ணை அழைத்துக் குரல் பதிந்துவைக்கலாம். பேரிடரில் 00000JAPAN என்ற இலவச வைஃபை திறப்பார்கள். கடவுச்சொல் கிடையாது என்பதால் அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

## கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போவது

போகாதீர்கள், சுனாமி வரலாம். கரையில் இருந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

## தேதி போட்டு வரும் ஃபார்வர்டுகள்

2025 ஜூலை 5 அன்று ஜப்பானில் பேரழிவு வரும் என்று ஒன்று சுற்றியது, பயந்து பயணத்தை ரத்து செய்தவர்கள்கூட உண்டு. அந்த நாள் வந்து போனது. தேதியும் இடமும் குறித்து முன்கூட்டிச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது என்று வானிலை முகமையே சொல்கிறது. யாருக்கும் அனுப்பாதீர்கள்.

## கேஸ் வரவில்லை என்று பதறுவது

ஷிந்தோ 5 அளவுக்கு ஆடினால் மீட்டர் தானே கேஸை நிறுத்திவிடும், கெட்டுப்போகவில்லை. முதலில் மோந்து பாருங்கள். வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து வெளியே வந்து கேஸ் நிறுவனத்தை அழைக்க வேண்டும். வாடை இல்லையென்றால் அடுப்பு, வெந்நீர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரில் உள்ள மீட்புப் பொத்தானை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும். மூன்று நிமிடம் எதையும் திருகாமல் இருங்கள், மினுக்கல் நின்றதும் அடுப்பைப் பற்றவைக்கலாம். வீட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் மின்சார பிரேக்கரையும் இறக்கிவிட்டுப் போங்கள். 1995-இல் கோபேயில் மின்சாரம் திரும்பி வந்தபோது, சாய்ந்து கிடந்த ஹீட்டர்களிலிருந்தும் நசுங்கிய ஒயர்களிலிருந்தும் ஆளில்லாத வீடுகள் தீப்பிடித்தன.